பிரித்து மாட்டும் வீடு: ஒரு மரச்சட்டச் சுவரைச் சிறிதாகச் செய்து பார்த்தேன்

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் இழைத்துக்கொண்டிருந்த சுவர் ஒருவழியாக எழுந்து நின்றது. உயரம் 50 செ.மீ., அகலம் 40 செ.மீ. பசை இல்லை, இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை.

இந்த ஆசையைக் கிளப்பியது இங்கிலாந்தின் பர்மிங்காமில் போர்ன்வில் பகுதியில் இருக்கும் செல்லி மேனர். 1476-லேயே ஆவணத்தில் இடம்பெற்றுவிட்ட வீடு. பின்னாளில் மூன்று குடித்தனங்களாகத் தடுக்கப்பட்டு, சீரழிந்து, இடிபடும் நிலைக்கு வந்துவிட்டது. 1907-இல் சாக்லேட் தொழிலதிபர் ஜார்ஜ் கேட்பரி அதை வாங்கினார். போர்ன்புரூக்கில் நின்றிருந்த வீட்டைப் பிரித்து, ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி, தான் உருவாக்கிய போர்ன்வில் குடியிருப்பில் மறுபடி எழுப்பவைத்தார். வேலையைக் கவனித்துக்கொண்டவர் கட்டடக்கலைஞர் வில்லியம் அலெக்சாண்டர் ஹார்வி. 1916-இல் முடிந்து, 1917 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஒரு வீட்டைப் பெட்டி படுக்கை மாதிரி எப்படித் தூக்கிக்கொண்டு போக முடியும்? உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தபோதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. அந்தக் காலத்துத் தச்சர்கள் இன்னும் காயாத பச்சை ஓக் மரத்தைப் பட்டறையிலேயே அறுத்து, தரையில் படுக்கவைத்துப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டிலும் உளியால் எண் வெட்டி, திரும்பக் கழற்றித்தான் மனைக்குக் கொண்டுபோவார்கள். அதாவது இவை பிறக்கும்போதே ஒருமுறை பிரிக்கப்பட்ட வீடுகள். இதைக் கையால் செய்து பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

பத்தில் ஒரு பங்கு அளவு வைத்துக்கொண்டேன். 20 மி.மீ. சதுர ஓக் சட்டங்கள். அடிச்சட்டம், இரண்டு தூண், நடுச்சட்டம், மேல் உத்திரம், மேல்மூலைகளுக்கு இரண்டு சாய்வுச் சட்டம்: மொத்தம் ஏழு துண்டு, பத்து மூட்டு. கழுந்தின் (ஒரு சட்டத்தின் முனையில் செதுக்கி, இன்னொரு சட்டத்தின் துளைக்குள் நுழைக்கும் நாக்கின்) கனம் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு என்ற பழைய கணக்கை ஒட்டி, 6 மி.மீ. உளிக்குத் தோதாகத் துளை எடுத்தேன். முதல் நாலு மூட்டுக்கே இரண்டு ஞாயிறு போய்விட்டது.

கற்றுக்கொண்டதில் பெரியது மூட்டைப் பூட்டும் மரமுளையை, அதாவது மர ஆணியை, அடிக்கும் விதம். துளைச் சட்டத்தில் போடும் ஓட்டையும் கழுந்தில் போடும் ஓட்டையும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது. கழுந்தின் ஓட்டை அதன் தோள் (கழுந்து தொடங்கும் இடத்தில் சட்டத்தின் விளிம்பு) பக்கமாகக் கொஞ்சம் தள்ளி இருக்கவேண்டும். நுனி கூர்த்த முளையை அடிக்கும்போது அது வளைந்து நுழைந்து, கழுந்தைத் துளைக்குள் இழுத்துப் பிடிக்கும். இந்த அளவில் முக்கால் மில்லி தள்ளினேன். நடுச்சட்டத்தின் இடது முனையில் அதைத் தோளுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டேன். முளை இறங்க இறங்க மூட்டு இறுகுவதற்குப் பதிலாக வாய் பிளந்தது. ஒரு நகக்கண் அளவு இடைவெளிதான், ஆனால் இனி மூடாது. அந்தச் சட்டத்தையே புதிதாகச் செய்தேன். இரண்டாவது முறை முளை உள்ளே போகும்போது மரம் மெல்ல முனகி, தோள் தூணோடு ஒட்டி உட்கார்ந்தது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் பத்து மூட்டு செய்யலாம்.

எண்களையும் அவர்கள் பாணியில் ரோம எண்ணாக வெட்டினேன். எல்லாம் நேர்க்கோடு என்பதால் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். நான்குக்கு நான்கு கோடுகள்தான் வெட்டுவார்கள்.

பிறகு முளைகளைத் தட்டி எடுத்து, ஏழு துண்டையும் பெட்டியில் போட்டுப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினேன். வரிசை முக்கியம். மேல் உத்திரம் இறங்குவதற்கு முன்பே சாய்வுச் சட்டங்கள் தூணில் ஏறியிருக்கவேண்டும். பார்வைக்குத் தூண்கள் இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் இடம் மாற்றிப் போட்டால் கழுந்து ஏறவே மறுக்கிறது. எண் ஏன் அவ்வளவு அவசியம் என்பது அப்போதுதான் விரலுக்குத் தெரிந்தது.

இப்போது கீழ்க்கட்டத்துக்கு வரிச்சு, அதாவது மண் அப்புவதற்கான குச்சிப் பின்னல். நம் ஊர் மண்சுவருக்குச் சொல்கிற அதே சொல்தான் இதற்கும் சரியாக வருகிறது. நடுச்சட்டத்தின் அடியில் ஐந்து ஓட்டை, அடிச்சட்டத்தின் மேல் ஒரு நீளக் காடி. குச்சியின் தலையை ஓட்டையில் செருகி, காலைக் காடியில் ஓரத்திலிருந்து நகர்த்திக்கொண்டு வந்தால் நின்றுவிடும். குறுக்கே பின்ன அவர்களுக்கு ஹேசல் என்ற புதர்மரத்தின் கொம்பு, எனக்குத் தோட்டத்து வில்லோக் குச்சி. களிமண்ணில் நறுக்கிய வைக்கோலைப் பிசைந்து இரண்டு பக்கமும் அப்பினேன். முதல் கலவை காய்ந்ததும் கண்ணாடிபோல விரிசல் விட்டது. மண்ணில் களி அதிகம். மணலும் இன்னும் ஒரு பிடி வைக்கோலும் சேர்த்து நேற்று மறுபடி அப்பியிருக்கிறேன். ஈரத்துணி போர்த்தி மெதுவாகக் காயவிட்டிருக்கிறேன். விரிசல் இல்லாமல் வந்தால் அடுத்த ஞாயிறு சுண்ணாம்பு.