பழசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பிரிச்சு பாருங்க

வீட்ல இடம் அடைக்குதுன்னு பழைய துணி, பாத்திரம், பொம்மை எல்லாத்தையும் பெரிய பையில திணிச்சு ஏதாவது ஒரு இல்லத்துக்கு குடுத்துடறோம், நல்ல மனசுதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்த பையை அங்க யாரோ ஒருத்தர் உட்கார்ந்து ஒவ்வொண்ணா பிரிக்கணும். நான் அந்த வேலைக்கு போய் உட்கார்ந்திருக்கேன், அதனாலதான் எழுதறேன்.

சட்டை மேல பார்த்தா புதுசு மாதிரி இருக்கும், காலரை திருப்பினா உள்பக்கம் நைஞ்சு போயிருக்கும். பேன்ட் சூப்பரா இருக்கும், ஜிப் பாதியிலயே நின்னுடும். ஷூ ஒரு கால் இந்த பையில, இன்னொரு கால் எந்த பையிலன்னே தெரியாது (ரெண்டு லேஸையும் சேர்த்து முடிச்சு போட்டுட்டா போதும்ங்க). இதெல்லாம் கூட பரவால்ல, ஈரம் சரியா காயாத ஒரே ஒரு துண்டு உள்ள இருந்தா போதும், கட்டி வச்ச பைக்குள்ள பூஞ்சை புடிச்சு கரும்புள்ளி விழுந்து, கூட இருந்த நல்ல துணிக்கும் அந்த வாடை ஏறிடும், கடைசில மொத்த பையும் குப்பைக்குதான்.

தானம் குடுத்த மாட்டை பல்லை புடிச்சு பார்க்காதேன்னு வாங்கறவங்களுக்கு சொல்லி வச்சிருக்காங்க. சரி, அவங்க பார்க்க வேணாம், குடுக்கற நாம பார்க்கணும் இல்லையா?

கிழிஞ்ச காட்டன் துணியை வீட்லயே துடைக்கறதுக்கு வச்சுக்கலாம். காட்டனும் பாலியஸ்டரும் கலந்த துணியை திரும்ப நூலா பிரிக்கறது ரொம்ப கஷ்டம், அதனால யாராவது ரீசைக்கிள் பண்ணிப்பாங்கன்னு நம்பி தள்ளி விடறதுல அர்த்தமே இல்ல. உலகம் பூரா இப்படி கழிச்ச துணி கானாவுல அக்ரா நகரத்து கண்டமாண்டோ மார்க்கெட்டுக்கு மூட்டை மூட்டையா போகுது, விக்காதது அங்கேயே குப்பையாகுது, சிலி நாட்டுல அட்டகாமா பாலைவனத்துல மலை மாதிரி கொட்டி கிடக்கு. நம்ம வீட்டை விட்டு போயிட்டா அது காணாம போயிடாதுங்க.

மிக்ஸி, ஃபேன் மாதிரி சாமான்னா ஒரு தடவை ஓட்டி பார்த்துட்டு குடுங்க, ரிமோட், சார்ஜர் எல்லாம் அதோடவே டேப் போட்டு ஒட்டிடுங்க. போனா இருந்தா உங்க அக்கவுன்ட்டை எடுத்துட்டு அப்புறம் ரீசெட் பண்ணுங்க, இல்லன்னா திறக்கும்போது பழைய ஆளோட பாஸ்வேர்டு கேட்டு நிக்கும், வாங்கினவங்களுக்கு அது வெறும் கண்ணாடித் துண்டு. அடி வாங்கின ஹெல்மெட் மட்டும் யாருக்கும் குடுக்காதீங்க, வெளிய ஒண்ணும் தெரியாது ஆனா உள்ள இருக்கற ஃபோம் ஒரு தடவை நசுங்கினா அடுத்த அடியை தாங்காது, இதுல உயிர் இருக்கு.

அப்புறம் வெள்ளம், பூகம்பம்னு செய்தி வந்த உடனே லாரி லாரியா பழைய துணி அனுப்பறது, அதை இறக்கி வைக்கவே அங்க இடம் இருக்காது, பிரிக்க ஆளும் இருக்காது. அந்த நேரத்துல பணமா குடுத்துட்டா அவங்களே தேவையானதை வாங்கிப்பாங்க.

மத்த நேரத்துல கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி என்ன வேணும்னு கேளுங்க, கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்க, சந்தோஷப்படுவாங்க. துணி போதும்ங்க, போர்வையும் ரெண்டு பக்கெட்டும் இருந்தா குடுங்கன்னு சொன்னா, அதையே குடுங்க.