'இவர்களுக்கு' என்ற சொல் இல்லாத ஜெபம்

கோவென்ட்ரி என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் அப்பாவிடம்தான். பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸில் அவர் ஃபிட்டராக இருந்தார். ஹெரால்ட் கார் எந்த நாட்டு வண்டி என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டால், "இங்கிலாந்துல கோவென்ட்ரின்னு ஒரு ஊரு. அங்க போட்ட டிசைன், இங்க நாங்க செய்யறோம்" என்பார். அதைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்காருவார். அந்த ஊரில் ஒரு பேராலயம் இருக்கிறது, அது ஒரே இரவில் எரிந்து போனது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு அது கார் ஊர். அவ்வளவுதான்.

மகள் இப்போது அந்த ஊரில் படிக்கிறாள். போன செப்டம்பரில் அவளைப் பார்க்கப் போனபோது, மூன்று நாளையும் ஆலயத்துக்கென்றே ஒதுக்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜெபத்தில் இருக்க வேண்டும், ஞாயிறு திருவிருந்து எடுக்க வேண்டும். வேறு எந்த ஊர் சுற்றலும் வேண்டாம் என்று முதலிலேயே அவளிடம் சொல்லியிருந்தேன்.

ரயிலடியிலிருந்து நடந்து வரும்போது கட்டடங்களுக்கு மேலே கூர்மையான கோபுரம் தெரிந்தது. எங்கள் பூர்வீகம் பாளையங்கோட்டை. சின்ன வயதில் லீவுக்குப் போகும்போது, ஊசிக்கோபுரம் தெரிந்ததும் அம்மா பஸ்ஸில் எங்களைத் தட்டி எழுப்புவாள். அதே மாதிரி ஒரு கோபுரம் இது. பார்த்ததும் மனசு ஊருக்கு வந்துவிட்டது. ஆனால் கிட்டே போனால், கோபுரத்தின் அடியில் ஆலயம் இல்லை. நான்கு பக்கமும் சுவர் நிற்கிறது. கண்ணாடி இல்லாத ஜன்னல் வளைவுகள். மேலே வானம்.

1940 நவம்பர் 14. நல்ல நிலா வெளிச்சம். மாலை ஏழு மணிக்குப் பிறகு வந்த ஜெர்மானிய விமானங்கள் விடியும் வரை, ஏறத்தாழ 11 மணி நேரம் குண்டு போட்டன. கார், விமான எஞ்சின், எந்திரக் கருவிகள் என்று போருக்கு வேண்டியதெல்லாம் செய்த ஊர் இது. தொழிற்சாலைகளும் தொழிலாளர் வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் எல்லாம் சேர்ந்தே எரிந்தன. 500க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். ஆலயத்தின் தலைமைக் குரு ரிச்சர்ட் ஹோவர்டும், கல்தச்சர் ஜாக் ஃபோர்ப்ஸும், இன்னும் இரண்டு இளைஞர்களும் கூரைமேல் ஏறி, விழுந்த தீக்குண்டுகளை மணல் போட்டும் தண்ணீர் ஊற்றியும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார்கள். நகரத்துக் குழாய்கள் உடைந்து தண்ணீர் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு, வெளியே எடுக்க முடிந்த பொருட்களை எடுத்துக்கொண்டு, எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விடிந்தபின் நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். கூரையிலிருந்து விழுந்த இரண்டு கரிந்த உத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்று சிலுவை போலக் கிடந்ததை ஃபோர்ப்ஸ் கண்டார். அவற்றைக் கட்டி நிமிர்த்தி வைத்தார். ஆர்தர் வேல்ஸ் என்ற உள்ளூர் குரு, சாம்பலில் கிடந்த பழங்காலக் கூரை ஆணிகளில் மூன்றை எடுத்து இன்னொரு சிலுவை செய்தார். ஒருவர் கல்தச்சர், ஒருவர் குரு. இரண்டு பேரும் கையில் கிடைத்ததைக்கொண்டு ஏதோ ஒன்றைச் செய்தார்கள். கைத்தொழில் ஊருக்கு அப்படித்தான் துக்கம் கொண்டாடத் தெரியும் என்று எனக்குப் பட்டது.

ஆறு வாரம் கழித்து, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, இந்த இடிபாட்டிலிருந்தே ஹோவர்ட் வானொலியில் பேசினார். எவ்வளவு கடினமாக இருந்தாலும் பழிவாங்கும் எண்ணத்தை மனதிலிருந்து விரட்டப் பார்க்கிறோம் என்று சொன்னார். 500 பேரைப் புதைத்த மண் இன்னும் ஈரமாக இருந்திருக்கும். அதைக் கேட்டு ஊரில் எத்தனை பேருக்குக் கோபம் வந்திருக்கும் என்று யோசித்தேன். எனக்கு வந்திருக்கும்.

1948இல் பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் இரண்டே சொற்களைப் பொறித்தார்கள். "பிதாவே, மன்னியும்." முன்னால் கற்களை அடுக்கிக் கட்டிய எளிய பலிபீடம். அதன்மேல் கரிந்த சிலுவை. வெளியே நிற்பது இப்போது ஒரு நகல், உண்மையானது புதிய ஆலயத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

அந்தச் சுவரின் முன்னால் நின்று வாய்க்குள் படித்தபோது, ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்குப் போகாமல் இருந்ததே கிடையாது. சிலுவையின் ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தை தூக்கத்தில் கேட்டாலும் வரும்: "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." இங்கே 'இவர்களுக்கு' இல்லை.

"விட்டுட்டாங்களோ?" என்று மகளிடம் கேட்டேன்.

"இல்லம்மா, வேணும்னேதான் எடுத்திருக்காங்க. யார் பாவம் செய்யலன்னு கேக்குறாங்க" என்றாள்.

இந்த எழுத்துகளை வெட்டிய 1948க்குள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம் எரிந்து முடிந்திருந்தது. 1945 பிப்ரவரியில் அதை எரித்தவை இந்த நாட்டின் விமானங்களும் அமெரிக்க விமானங்களும். 'இவர்களுக்கு' என்று பொறித்திருந்தால் அந்தச் சொல் சுவரில் இருந்துகொண்டு என்றைக்கும் ஜெர்மனியையே காட்டிக்கொண்டிருந்திருக்கும். எடுத்துவிட்டதால் அதைப் படிக்கிற ஆள்மேலேயே வந்து நிற்கிறது. இதை நான் புத்தியால் புரிந்துகொண்டது காலையில். மனசுக்கு எட்டியது நண்பகலில்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு இருபது, இருபத்தைந்து பேர் கூடினோம். பள்ளிப் பிள்ளைகள் சிலர், சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர், மதிய உணவு இடைவேளையில் ஓடிவந்த மாதிரி அலுவலக அடையாள அட்டையோடு ஒரு பெண். 1958இல் எழுதப்பட்ட ஒப்புரவு ஜெபத்தை வெள்ளிக்கிழமை நண்பகலில் இங்கே சொல்கிறார்கள். எல்லாரும் பாவம் செய்தோம் என்ற ரோமர் நிருப வசனத்தில் தொடங்குகிறது. குருவானவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நாங்கள் பதில் சொன்னோம். நாட்டை நாட்டிலிருந்தும், இனத்தை இனத்திலிருந்தும், வர்க்கத்தை வர்க்கத்திலிருந்தும் பிரிக்கும் பகை. பிதாவே, மன்னியும். தங்களுடையது அல்லாததை அடையத் துடிக்கும் இச்சை. பிதாவே, மன்னியும். மனிதக் கைகளின் உழைப்பைச் சுரண்டி பூமியைப் பாழாக்கும் பேராசை. பிதாவே, மன்னியும்.

எனக்கு ஒரு 'இவர்கள்' உண்டு. சொந்தத்துக்குள் நடந்த ஒரு காரியம், பதினோரு வருஷம் ஆகிறது. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் முதல் வார்த்தையைக் கேட்கும்போது அந்த முகங்களைத்தான் மனதில் கொண்டுவருவேன். அவர்களுக்காக ஜெபிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அன்று "பிதாவே, மன்னியும்" என்று நாலைந்து முறை சொன்னதும் அந்த முகங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அந்த வாக்கியத்தில் அவர்களுக்குத் தனி இடமே இல்லை. அவர்களும் வர வேண்டும் என்றால் என் பக்கத்தில் வந்துதான் நிற்க வேண்டும். பிறருடைய நலத்தையும் சந்தோஷத்தையும் கண்டு படும் பொறாமை என்று குருவானவர் சொன்னார். பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. மகள் சொன்னாள், எனக்கும் சேர்த்து.

ஜெபம் முடிந்ததும் எல்லாரும் கலைந்து போனார்கள். நான் சுவரோரமாக நடந்தேன். பழைய ஆலயத்தில் ஜவுளிக்காரர், சாயக்காரர், தொப்பி செய்வோர், கச்சை செய்வோர், கொல்லர் என்று ஒவ்வொரு கில்டுக்கும், அதாவது தொழிற்சங்கம் போன்ற கைத்தொழிலாளர் அமைப்புக்கும், தனித்தனிச் சிற்றாலயம் இருந்தது. அந்தந்தத் தொழில்காரர்களே செலவு செய்து பராமரித்தார்கள். இந்த ஊர்ச் சாயக்காரர்கள் போட்ட நீலம் வெளுக்காது என்பதால், வாக்கு மாறாத ஆளைக் கோவென்ட்ரி நீலம் போல என்று ஆங்கிலத்தில் சொல்வார்களாம். கில்டுகள் தேர் போன்ற வண்டிகளில் வேதாகம நாடகங்களும் போட்டன. தையற்காரரும் கம்பளி வெட்டுவோரும் போட்ட நாடகத்தில், குழந்தைகளைக் கொல்ல ஏரோது ராஜாவின் வீரர்கள் வரும் முன்னால் பெத்லகேம் தாய்மார்கள் பிள்ளைகளுக்குப் பாடும் தாலாட்டு ஒன்று உண்டு. 1940 கிறிஸ்துமஸ் வானொலியில், இதே இடிபாட்டில் நின்று அதைத்தான் பாடினார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர், பிள்ளைகளைப் பறிகொடுக்கப்போகும் தாய்மாரின் பாட்டைப் பாடியது. எப்படிப் பாடி முடித்தார்களோ.

போருக்குப் பிறகு சுவரைச் சுற்றி எட்டு ஜெப இடங்களை ஹோவர்ட் அமைத்தார். வீடு, கல்வி, வணிகம், துன்பம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பலகை. தொழிலுக்கு உரிய பலகையில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தேவன் என் கைகளிலும் என் செய்தொழிலிலும் இருப்பாராக."

அங்கே நான் வெகுநேரம் நின்றேன். சனிக்கிழமை இரவு அப்பா மண்ணெண்ணெயும் மரத்தூளும் போட்டுக் கைகளைத் தேய்ப்பார். மறுநாள் திருவிருந்து. எங்கள் சபையில் அப்பத்தை உள்ளங்கையில்தான் வாங்குவோம். எவ்வளவு தேய்த்தாலும் ரேகைகளில் ஏறிய கிரீஸ் கறுப்பு போகாது. பலிபீடத்தில் முழங்காலிட்டுக் கையை நீட்டும்போது அவர் கொஞ்சம் கூசுவார். பக்கத்தில் இருந்து நான் பார்த்திருக்கிறேன். கோவென்ட்ரியில் போட்ட டிசைனைச் செய்த கைகள் அவை. அந்தக் கைகளுக்கு இங்கே ஒரு ஜெபம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குச் சொல்ல இப்போது வழியில்லை.

சனிக்கிழமை ஊருக்குள் கொஞ்சம் நடந்தோம். கால்வாய் ஓரம் 1857இல் கட்டிய கேஷ் குடும்பத்துப் பட்டு ரிப்பன் நெசவாளர் வீடுகள் இருக்கின்றன. கீழே குடித்தனம், மேல்மாடியில் பெரிய பெரிய ஜன்னல் வைத்த தறிக்கூடம். ஒரே நீராவி எஞ்சின் வரிசை முழுக்கத் தறிகளை ஓட்டியது. 1860இல் பிரான்சோடு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டு ரிப்பன் வரியில்லாமல் வந்து குவிந்தது. நெசவாளர்கள் பட்டினியில் விழுந்தார்கள். நெசவும் கடிகாரமும் செய்து பழகிய ஊர் அப்புறம் தையல் மிஷினுக்குப் போனது, அதிலிருந்து சைக்கிளுக்கு. 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிள்தான், இன்று நம் தெருவில் ஓடுகிற சைக்கிளின் மூல உருவம். சைக்கிளிலிருந்து கார். அந்தக் காரிலிருந்து பெருங்களத்தூர், எங்கள் வீட்டுச் சாப்பாடு, என் படிப்பு.

ஞாயிற்றுக்கிழமை புதிய ஆலயம். இடிபாட்டை இடித்துத் தள்ளாமல், அதை ஒட்டியே பேசில் ஸ்பென்ஸ் கட்டிய ஆலயம் இது. 1962 மே 25 அன்று பிரதிஷ்டை செய்தார்கள். உள்ளே நுழைந்ததும் பலிபீடத்துக்குப் பின்னால் பச்சைத் திரையில் மகிமையில் வீற்றிருக்கும் கிறிஸ்து. கிரஹாம் சதர்லண்ட் வரைய, பிரான்சில் நெய்த திரை. ஏறத்தாழ 23 மீட்டர் உயரம். அவர் பாதங்களுக்கு நடுவில் ஒரு மனிதன் நிற்கிறான், நம் உயரம்தான். முதலில் அவனைக் கவனிக்கவே மாட்டோம். அப்படியே நின்று பார்த்தால்தான் தெரிவான்.

உள்ளே போகும்போது ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. இரண்டு பக்கமும் கல் சுவர்தான், ஜன்னலையே காணோம். இவ்வளவு பெரிய ஆலயத்துக்கு வண்ணக் கண்ணாடி இல்லையா? மகளிடம் கேட்டதற்கு, "இருங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

திருவிருந்துக்கு வரிசையில் போனோம். பலிபீடத்தில் அந்த மூன்று ஆணிச் சிலுவை. அதே ஆணிகளால் செய்த சிலுவைகளும், அவற்றின் மாதிரியில் செய்தவையும் பெர்லினுக்கும் டிரெஸ்டனுக்கும் கீல் நகருக்கும் போயிருக்கின்றன. 1961இல் ஜெர்மன் இளைஞர்கள் இங்கே வந்து, இடிந்த அறைகளைச் செப்பனிட்டுக் கட்டிக்கொடுத்தார்கள். 1965இல் கோவென்ட்ரி இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய் ஒரு மருத்துவமனையைக் கட்ட உதவினார்கள். சுவரில் எழுதிய இரண்டு சொற்களை இப்படித்தான் கையால் செய்து முடித்தார்கள்.

என் முறை வந்தது. வலது கையை இடது கையின்மேல் வைத்து நீட்டினேன். என் கைகளில் கிரீஸ் இல்லை. ஆனாலும் கூசியது, அப்பாவுக்குக் கூசிய மாதிரியே. குருவானவர் அப்பத்தை வைத்துவிட்டு, ஒரு நொடி தம் விரல்களால் என் உள்ளங்கையை மூடினார்.

எழுந்து திரும்பினேன். கல் சுவர் என்று நினைத்த இடமெல்லாம் வண்ணமாக இருந்தது. சுவர்களை விசிறி மடிப்பு போல மடித்து, ஜன்னல்கள் பலிபீடத்தை மட்டுமே பார்க்கும்படி வைத்திருக்கிறார் ஸ்பென்ஸ். போகும்போது தெரியாது. பெற்றுக்கொண்டு திரும்பும்போதுதான் தெரியும். பலிபீடத்தின் பக்கத்தில் பொன், அப்புறம் ஊதா, அப்புறம் பல வண்ணம், சிவப்பு, தூரத்தில் வாசல் அருகே பச்சை. காலை வெயில் ஒரு பக்கத்து ஜன்னல்கள் வழியாக இறங்கி, தரையில், முன்னால் போகிறவர்களின் தோள்களில் கிடந்தது. வரிசையில் எல்லாரும் நடை தளர்ந்து மெதுவாகப் போனார்கள். யாரும் அவசரப்படவில்லை.

வாசல் பக்கம் முழுவதும் ஒரே கண்ணாடித் திரை. புனிதர்களும் தேவதூதர்களும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஊடாக, வெயிலில், கூரையில்லாத பழைய ஆலயம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே என் இடத்துக்கு நடந்து வந்து முழங்காலிட்டேன். இரண்டு சொற்களையும் சொன்னேன்.