தலைமுடியின் தடிமனை லேசரால் அளக்க

சிவப்பு லேசர் பாயின்டர் (650 நானோமீட்டர்) போதும். அட்டையில் ஓட்டை போட்டு, குறுக்கே ஒரு முடியை விறைப்பாக ஒட்டி, சுவரிலிருந்து 2 மீட்டரில் நிறுத்துங்கள். லேசர் முடிமேல் பட்டதும் ஒளி விளிம்புகளில் வளைந்து, முடிக்குச் செங்குத்தான திசையில் பட்டைபட்டையாக விரியும். முடி மெலிய மெலிய விரிவு கூடும். கண்ணில் மட்டும் படவிடாதீர்கள்.

பலரும் சறுக்குவது நடுப்பட்டையில்தான். அது மற்றவற்றைவிட இரு மடங்கு அகலம். ஒரே இடைவெளியாக எண்ணினால் தடிமன் பாதியாக வரும். இடப்பக்க மூன்றாவது இருள்கோட்டிலிருந்து வலப்பக்க மூன்றாவது வரை அளந்து 6-ஆல் வகுங்கள். 112 மி.மீ. என்றால் இடைவெளி 18.7. அலைநீளம் 0.00065 மி.மீ. × 2000 ÷ 18.7 = சுமார் 0.07 மி.மீ. பட்டைகள் மங்கலாகத் தெரிந்தால் அறையை இன்னும் இருட்டாக்குங்கள். முடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் கணக்கு கெடும்.