பழைய முகம், புது உடம்பு

ஃபோர்டின் மஸ்டாங், செவர்லேயின் கமாரோ, டாட்ஜின் சேலஞ்சர் என்ற மூன்று அமெரிக்க மசில் கார்களில் எது தன் பழைய வடிவத்துக்கு உண்மையாகத் திரும்பி வந்தது என்று கேட்டால் நான் சேலஞ்சர் பக்கம்தான். 2008-இல் டாட்ஜ் அதை மறுபடி இறக்கியபோது 1970 மாடலின் நீண்ட மூக்கு, அகன்ற தோள், வட்ட விளக்குகள் எல்லாம் அப்படியே இருந்தன, உள்ளே ஹெமி என்ற 6.1 லிட்டர் வி8 இன்ஜின், 425 குதிரைத்திறன். கனமான வண்டி, வளைவுகளில் மற்ற இரண்டும்தான் கெட்டி, சரி, ஆனால் அந்த உறுமலைக் கேட்டபிறகு எடையைப் பற்றி யார் பேசுவார்கள்?

2010 மாடலாக வந்த கமாரோவின் அடித்தளம் ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் என்ற கார் நிறுவனம் உருவாக்கியது. ஓட்ட அருமை. ஆனால் ஜன்னல்களை ரொம்பக் குறுக்கிவிட்டார்கள், வெளியே சரியாகத் தெரியாது.

மஸ்டாங் மட்டும் 1964-இலிருந்து நிற்கவே இல்லை. 2005-இல் அறுபதுகளின் முகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் அந்தக் காலத்து முழு அச்சை 2014 மாடல் வரை விடாமல் வைத்திருந்தது. பலர் அதைக் குறை சொன்னார்கள், எனக்கு அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

அப்புறம் 2023 டிசம்பரில் கமாரோ, சேலஞ்சர் இரண்டின் உற்பத்தியும் ஒரே மாதத்தில் நின்றது. அன்றைக்கு எனக்கு மனசே சரியில்லை.