சத்தமில்லாமல் நின்றுபோகும் வேலைகள்

இணையதளம் விழுந்தால் சீக்கிரமே யாராவது ஒரு வாடிக்கையாளர் எழுதிவிடுவார். தனி ஆளாக மென்பொருள் நடத்துபவரை அந்த வகைக் கோளாறு பெரிதாகக் காயப்படுத்துவதில்லை. இரவுதோறும் ஓட வேண்டிய பேக்கப் மூன்று மாதமாக ஓடவில்லை, பணம் கட்டியவரின் கணக்கு திறக்கவில்லை, பாஸ்வேர்டை மாற்றக் கேட்டவருக்குப் போன மெயில் ஸ்பாமில் கிடக்கிறது: ஆளைச் சாய்ப்பவை இவைதான். குழுவாக வேலை செய்யும் இடத்தில் யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். தனி ஆளுக்கு அந்த இரண்டாவது ஜோடிக் கண் இல்லை. எனவே எந்தக் கருவியைச் சேர்த்தாலும், எந்தச் சேவைக்குப் பணம் கட்டினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது நின்றுபோனால் எனக்கு எப்படித் தெரியவரும்? வேகம், வசதி, விலை எல்லாம் அதற்குப் பிறகு.

அதிகம் ஏமாற்றுவது பேக்கப். பலரிடம் இருப்பது ஒரே வரிதான்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நகலெடுக்கும் பிஜி டம்ப் கட்டளையின் வெளியீட்டை பைப் வழியாக (ஒரு கட்டளை தருவதை அடுத்ததற்கு ஊட்டும் இணைப்பு) சுருக்கும் கருவியான ஜிஜிப்புக்கு அனுப்பி, தேதி போட்ட ஃபைலாகச் சேமிப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. பைப்பில் கோத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளை வென்றதா தோற்றதா என்பதை மட்டுமே ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) பார்க்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு மாறி பிஜி டம்ப் முதல் நொடியிலேயே செத்துவிட்டாலும், ஜிஜிப் வெறும் காற்றைச் சுருக்கி "முடிந்தது" என்று சொல்லிவிடும். ஃபோல்டரைத் திறந்தால் நாளுக்கொரு ஃபைல் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் 20 பைட். காலியான உள்ளீட்டை ஜிஜிப் சுருக்கினால் வருகிற அளவு அது.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்ற ஷெல்லைக் குறித்து, அடுத்த வரியில் "செட் -ஈஓ பைப்ஃபெயில்" போடலாம்; பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். அதே வரியை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானின் அட்டவணைக்குள் நேராக எழுதாதீர்கள். கிரான் கட்டளைகளை ஓட்டுவது எஸ்ஹெச் என்ற ஷெல். டெபியனிலும் உபுண்டுவிலும் அது பாஷ் அல்ல, டேஷ்; அதற்கு பைப்ஃபெயில் தெரியாமல் போகலாம். இன்னொரு வழி எனக்கு மேலாகப் படுகிறது: பைப்பே வேண்டாம். பிஜி டம்ப்பின் கஸ்டம் வடிவம் (-எஃப்சி) தானே சுருக்கிக்கொள்ளும். முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, வெற்றி என்றால் மட்டும் சரியான பெயருக்கு மாற்றுங்கள். பாதியில் அறுந்த ஃபைல் நல்ல ஃபைல் போல் வேடம் போட முடியாது.

பிஜி டம்ப் சாகும் காரணங்களும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். டேட்டாபேஸ் சர்வரைப் புதிய பெரிய பதிப்புக்கு உயர்த்தியிருப்பீர்கள், பேக்கப் எடுக்கும் இயந்திரத்தில் பழைய பிஜி டம்ப் இருக்கும். தன்னைவிடப் புதிய பெரிய பதிப்பு சர்வரிலிருந்து எடுக்க அது மறுத்துவிடும். அடுத்தது பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) பிரச்சினை: கையால் ஓட்டும்போது கிடைக்கிற கட்டளை, கிரானின் சுருக்கமான பாத்தில் இருக்காது. கட்டளையின் முழு முகவரியையும் எழுதிவிட்டால் தீர்ந்தது. யூசர் ரோல்கள் (டேட்டாபேஸ் பயனர் கணக்குகள்) பிஜி டம்ப்பில் வருவதில்லை. "பிஜி டம்ப்ஆல் --குளோபல்ஸ்-ஒன்லி" தனியாக எடுக்க வேண்டும். அது இல்லாமல் மீட்க உட்கார்ந்தால், "அப்படி ஒரு ரோலே இல்லை" என்ற பிழை வரிசையாகக் கொட்டும்.

ஒரே ஃபைலில் இயங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டைப் பயன்படுத்துபவர்கள் அந்த ஃபைலைச் சும்மா காப்பி செய்யக் கூடாது. வால் முறையில் (மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) அண்மையில் எழுதியவை பக்கத்திலுள்ள "-வால்" ஃபைலில் இருக்கலாம். முதன்மை ஃபைலை மட்டும் எடுத்தால் அவை விடுபடும். எழுதிக்கொண்டிருக்கும்போது எடுத்தால் அந்த நகலே கெட்டுப்போகலாம். கட்டளை வரியில் ".பேக்கப்", அல்லது "வேக்யூம் இன்டு" பயன்படுத்துங்கள். எடுத்த நகலின் மேல் "பிராக்மா இன்டெக்ரிட்டி_செக்" ஓட்டி, "ஓகே" வந்தால்தான் நகல்.

இப்போது சத்தம், அதாவது வேலை நின்றுபோனால் நமக்குத் தெரியவரும் வழி. ஸ்கிரிப்டின் கடைசியில், எல்லாம் வென்றால் மட்டும், வெளியிலுள்ள ஒரு முகவரிக்கு கர்ல் (இணைய முகவரியை அழைக்கும் கட்டளை) வழியாக ஒரு பிங், அதாவது "ஓடி முடித்தேன்" என்ற சிறு செய்தி, அனுப்புங்கள். ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் அந்த பிங்குக்காகக் காத்திருக்கும். குறித்த நேரத்தில் வரவில்லை என்றால் உங்களைக் கூப்பிடும். கால அளவு 1 நாள், கூடுதல் அவகாசம் 1 மணி நேரம் போதும். தோல்வி வந்தால் மெயில் அனுப்பு என்று எழுதுவதைவிட இது எவ்வளவோ நம்பகமானது. சர்வரே இறந்துவிட்டால் தோல்வி மெயிலை யார் அனுப்புவது? கர்லுக்கு 10 நொடி வரம்பும், 5 முறை மறுமுயற்சியும் கொடுத்துவிடுங்கள். பிங் சேவை தாமதித்தால் உங்கள் ஸ்கிரிப்ட் தொங்கிக்கொண்டிருக்காது.

நகல் வேறொரு நிறுவனத்தின் கணக்கில் இருக்கட்டும். சர்வரில் வைக்கும் சாவிக்கு எழுதும் உரிமை மட்டும் போதும், அழிக்கும் உரிமை வேண்டாம். சேமிப்பிடத்தில் வெர்ஷனிங்கும் (பழைய பதிப்புகளை விட்டுவைக்கும் வசதி) போட்டுவிட்டால், சர்வருக்குள் நுழைந்தவரால் பேக்கப்பைத் துடைத்துவிட்டுப் போக முடியாது. 7 நாள் நகல், 4 வார நகல், 12 மாத நகல் என்று வைத்துக்கொண்டால் சிறு தயாரிப்புக்குத் தாராளம். மாதம் ஒருமுறை கடைசி நகலைக் காலி டேட்டாபேஸில் பிஜி ரிஸ்டோர் கொண்டு ஏற்றி, ஆர்டர் டேபிளின் கடைசி வரி எந்தத் தேதி என்று பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் குறித்துவையுங்கள். நிஜமாகவே விபத்து நடக்கும் நாளில் வாடிக்கையாளரிடம் சொல்லப்போகிற நேரம் அதுதான்.

அடுத்தது பணம். கட்டணம் முடிந்ததும் வருகிற "நன்றி" பக்கத்தில் கணக்கைத் திறப்பது மிகப் பரவலான தவறு. பணம் கட்டிய கையோடு பிரவுசரை மூடிவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் லோடாகவே செய்யாது. கணக்கு திறப்பது, பணம் வந்ததும் கட்டணச் சேவை உங்கள் சர்வருக்கு நேராக அனுப்பும் செய்தியான வெப்ஹுக்கின் வேலை. அந்த வெப்ஹுக்கை வாங்கும் கோடை எழுதுவதிலும் நிதானம் வேண்டும்.

ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவையை எடுத்துக்கொள்வோம். செய்தி ஸ்ட்ரைப்பிடமிருந்தே வந்தது என்று காட்டும் கையொப்பம் கணக்கிடப்படுவது, வந்த செய்தி உடலின் மூல பைட்டுகள் மீது. எக்ஸ்பிரஸ் போன்ற வெப் ஃபிரேம்வொர்க் அதை முன்கூட்டியே ஜேசனாகப் பிரித்துவிட்டால் கையொப்பம் பொருந்தாது. அந்த ஒரு ரூட்டுக்கு (செய்தி வந்துசேரும் முகவரிக்கு) மட்டும் மூல உடல் கிடைக்கும்படி செய்ய வேண்டும். டெஸ்ட், லைவ் இரண்டுக்கும் ரகசியச் சாவி வேறு. ஸ்ட்ரைப் சிஎல்ஐ (கட்டளை வரிக் கருவி) தருகிற சாவி இன்னொன்று. 400 பிழை வந்தால் முதலில் இந்த மூன்றையும் பாருங்கள். செய்தியில் உள்ள நேர முத்திரைக்கு இயல்பான வரம்பு 5 நிமிடம். சர்வர் கடிகாரம் அதற்கு மேல் விலகியிருந்தால் நல்ல செய்தியும் நிராகரிக்கப்படலாம்.

ஒரே நிகழ்வு இரண்டு முறை வரலாம், வரிசை மாறியும் வரலாம். லைவ் முறையில், நீங்கள் பதில் சொல்லாவிட்டால் ஸ்ட்ரைப் 3 நாள் வரை மறுபடி மறுபடி அனுப்பும். எனவே வெப்ஹுக் ரூட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: கையொப்பத்தைச் சரிபார், நிகழ்வின் ஐடியை யூனிக் கட்டுப்பாடுள்ள (ஒரே ஐடி இருமுறை ஏறாத) டேபிளில் எழுது, 200 ("கிடைத்தது") என்று பதில் சொல். கணக்கு திறப்பது, ரசீது அனுப்புவது எல்லாம் பின்னணி வேலை. அந்த டேபிளில் "முடிந்த நேரம்" என்று ஒரு நெடுவரிசை இருக்கட்டும். வேலை முழுதாக முடிந்த பிறகே அதை நிரப்ப வேண்டும். ஐடியைப் பார்த்த மாத்திரத்தில் "கையாண்டாயிற்று" என்று குறித்துவிட்டு, பிறகு வேலை நடுவில் உடைந்தால், மறுமுறை வரும் செய்தியை உங்கள் கோடே தூக்கிப் போட்டுவிடும். பணம் வந்திருக்கும், கணக்கு திறந்திருக்காது, லாகில் (சர்வரின் பதிவேட்டில்) ஒரு பிழைகூட இருக்காது.

வரிசைக் குழப்பத்துக்கு மருந்து எளிது. செய்தியில் வந்த விவரத்தை நம்பி நிலையை மாற்றாதீர்கள். செய்தியை ஒரு தட்டலாக மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தச் சந்தாவின் இப்போதைய நிலையை ஸ்ட்ரைப்பின் ஏபிஐயில் (நிரல்கள் கேட்டு வாங்கும் வழி) கேட்டு வாங்குங்கள். இதற்குச் சத்தம் தருபவை இரண்டு. முடிந்த நேரம் காலியாக 10 நிமிடத்துக்கு மேல் கிடக்கும் வரி இருந்தால் எச்சரிக்கை. இரவில் ஒருமுறை, கடந்த 48 மணி நேரத்தில் பணம் வந்தவர்களின் பட்டியலையும் உங்கள் டேட்டாபேஸையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் மெயில். முப்பது நாற்பது வரி ஸ்கிரிப்ட்தான். வெப்ஹுக் முகவரியே தவறாகிப்போயிருந்தாலும் இது பிடித்துவிடும்.

மெயிலை உங்கள் சர்வரிலிருந்தே அனுப்பாதீர்கள். போஸ்ட்மார்க், அமேசான் எஸ்இஎஸ் போன்ற மெயில் அனுப்பும் சேவை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மெயில் உங்கள் டொமைனிலிருந்தே வருகிறது என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வேண்டும்; 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புபவர்களுக்கு இவற்றைக் கட்டாயமாக்கிவிட்டன. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும். புதிய சேவையைச் சேர்க்கும்போது இரண்டாவது பதிவு போட்டால் இரண்டும் செல்லாது. ஒரே பதிவுக்குள் சேர்த்தாலும் அதைச் சரிபார்க்கத் தேவைப்படும் டிஎன்எஸ் (டொமைன்களின் முகவரிப் பதிவேடு) தேடல்கள் 10ஐத் தாண்டக் கூடாது. செய்திமடலுக்குத் தனி சப்டொமைன் வைப்பது நல்லது. அதற்கு வரும் ஸ்பாம் புகார், பாஸ்வேர்டு மெயிலைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகாது. திரும்பி வரும் பவுன்ஸ்களைக் கவனியுங்கள்: எஸ்இஎஸ்ஸில் அந்த விகிதம் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 10ஐத் தொட்டால் அனுப்பும் உரிமையையே நிறுத்தி வைக்கலாம்.

டிஸ்க் நிறைவது இன்னொரு மௌனச் சாவு. செயலிகளைத் தனித்தனிக் கன்டெய்னர்களில் ஓட்டும் டாக்கரின் இயல்பான ஜேசன்-ஃபைல் லாகுக்கு வரம்பே கிடையாது, வளர்ந்துகொண்டே போகும். மேக்ஸ்-சைஸ் 10 எம், மேக்ஸ்-ஃபைல் 3 என்று அமைத்துவிடுங்கள். ஏற்கெனவே ஓடும் கன்டெய்னர்களுக்கு இது ஒட்டாது, அவற்றை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். 80 சதவீதத்தில் எச்சரிக்கை வைக்கவும்.

தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் சான்றிதழ் காலாவதியாகப்போகிறது என்று முன்பெல்லாம் மெயில் வரும். 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். தானாகப் புதுப்பித்தல் ஓடினாலும், வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகாவிட்டால் பழைய சான்றிதழையே காட்டிக்கொண்டிருக்கும். சான்றிதழைப் புதுப்பிக்கும் கருவியான செர்ட்பாட்டில், புதுப்பித்ததும் ஓடும் டிப்ளாய் ஹுக்காக ரீலோட் கட்டளையைச் சேர்த்துவிடுங்கள். சான்றிதழ் தேதியை வெளியிலிருந்து பார்க்கும் கண்காணிப்பும் வேண்டும். இந்தக் கண்காணிப்பை அதே சர்வரில் நிறுவினால் பயனில்லை.

எச்சரிக்கைகள் அளவு மீறினால் பார்ப்பதையே விட்டுவிடுவோம். தளம் விழுந்தது, வெப்ஹுக் தேங்குகிறது, டிஸ்க் நிறைகிறது: இந்த மூன்று மட்டும் போனை அலறவைக்கட்டும். மற்றவை காலையில் ஒரே மெயிலாக வந்தால் போதும்.

கடைசியாக டொமைன். பதிவு செய்த கணக்கின் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சல் பெட்டியும் சேர்ந்து சாகும். புதுப்பிக்கச் சொல்லும் மெயிலும், கணக்கை மீட்கும் இணைப்பும் போய்ச் சேர இடமிருக்காது. டொமைன், சர்வர், பணம், மெயில், கோட் ஆகிய ஐந்து கணக்குகளின் இரண்டாம் அடுக்கு உள்நுழைவுக்கான ரெகவரி கோடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு, போன் தொலைந்தாலும் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். பேக்கப்பை என்க்ரிப்ட் செய்கிறீர்கள் என்றால் அதன் சாவியும் அதே காகிதத்தில் இருக்கட்டும். சர்வரில் மட்டும் இருக்கும் சாவி சர்வரோடு போய்விடும்.