பட்ஜெட் கேமிங் பிசி: பணம் எங்கே போக வேண்டும்?

பட்ஜெட்டில் ஏறக்குறையப் பாதி கிராபிக்ஸ் கார்டுக்கே போகட்டும். மானிட்டர் 1080பி என்றால் 6 கோர் பிராசசர் தாராளம். 8 கோருக்குத் தாவும் பணத்தைக் கார்டில் போட்டால் பெரும்பாலான கேம்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு) கூடும். விராமில் (கார்டின் சொந்த நினைவகம்) 8 ஜிபிக்குக் கீழே இறங்காதீர்கள். விராம் போதாவிட்டால் டெக்ஸ்சர் மங்கும், கேம் திக்கித் திக்கி ஓடும். பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் பிசிஐஇ லேன் (கார்டும் போர்டும் தரவு பரிமாறும் பாதை) கணக்கையும் பார்க்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வெறும் 4 லேன் கார்டு, பழைய தலைமுறையான பிசிஐஇ 3.0 போர்டில் செருகினால் வேகம் நன்றாகவே அடிவாங்கும். (அதில் விராமும் 4 ஜிபிதான் என்பதால் தவிர்ப்பதே நல்லது.)

ரேம் 16 ஜிபி, ஆனால் ஒற்றை ஸ்டிக்காக வேண்டாம். 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். 4 ஸ்லாட் போர்டானால் பிராசசர் பக்கமிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டுகளில் போட்டால்தான் பெரும்பாலும் டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து இயங்கும் முறை) சரியாக அமையும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் அறிவித்த வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்யாவிட்டால், 3200 வேகம் என்று வாங்கிய டிடிஆர்4 ரேம் பெரும்பாலும் 2133 அல்லது 2400லேயே கிடக்கும்.

சேமிப்புக்கான எஸ்எஸ்டி 500 ஜிபியில் தொடங்கலாம், பிறகு சேர்த்துக்கொள்ளலாம். பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்கிறது, பாதுகாப்பை அல்ல. ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு எத்தனை வாட் என்று படியுங்கள். மொத்த வாட்டைவிட அது மிகவும் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் அல்ல.