அவசரப்படாத குழாய்

இலங்கை மலைநாட்டில் ஹட்டனில் இருந்து நோர்ட்டன்பிரிஜ் தாண்டி லக்ஷபான பக்கம் இறங்கினால், மலைச்சரிவோடு ஒட்டிக் கீழே போகும் பெரிய இரும்புக் குழாய்கள் தெரியும். 1950இல் ஓடத் தொடங்கிய மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவை. பகுதி வகையீட்டுச் சமன்பாட்டை, அதாவது இடத்தோடும் நேரத்தோடும் மாறுகிற ஒன்றை விவரிக்கும் சமன்பாட்டை, கட்டுப்படுத்துவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்த மாதிரிக் குழாயைத்தான் காட்டுவேன். கையில் இருப்பது கீழ்முனையில் ஒரே ஒரு வால்வு, அடக்க வேண்டியதோ முழு நீளத்திலும் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள அழுத்தமும் வேகமும்.

லயத்தில் மேல் தொட்டியில் இருந்து வரும் பைப்பைப் பட்டென்று மூடினால் சுவரே அதிர 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும் இல்லையா, அதேதான் இங்கேயும், ஆனால் குழாயையே பிளக்கிற பலத்தோடு. 1890களின் கடைசியில் ரஷ்ய விஞ்ஞானி ஷுக்கோவ்ஸ்கி மொஸ்கோவின் குடிநீர்க் குழாய்களில் இதைப் பரிசோதித்தார். தண்ணீரின் அடர்த்தி, மூடியதும் குழாயில் கிளம்பும் அழுத்த அலையின் வேகம், ஓட்டத்தில் குறைத்த வேகம் மூன்றையும் பெருக்கினால் ஏறும் அழுத்தம் வரும். அலை செக்கனுக்கு 1200 மீற்றர் ஓடுகிறது என்று வையுங்கள். செக்கனுக்கு வெறும் 1 மீற்றர் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினாலே 12 பார், அதாவது கிட்டத்தட்ட 120 மீற்றர் உயரத் தண்ணீரின் பாரம்.

சரி, அப்படியென்றால் எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்? குழாயும் 1200 மீற்றர் என்றால், வால்வில் கிளம்பிய அலை மேலே போய்த் திரும்பி வர 2 செக்கன். அதற்குக் குறைந்த நேரத்தில், எந்த நிலையில் ஆடிக்கொண்டிருக்கும் குழாயையும் முழுசாக அமைதியாக்க எந்த வால்வாலும் முடியாது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் திறந்து மூடினாலும் சரி. இது நிறுவப்பட்ட தேற்றம். பெல்டன் சில்லு (பீச்சும் தண்ணீர் மோதிச் சுழலும் சக்கரம்) உள்ள நிலையங்களில் இதனால்தான் ஒரு தகட்டை வைத்துத் தண்ணீர்ப் பீச்சலை உடனே ஒதுக்கிவிட்டு, தண்ணீர் பீச்சும் குழாய் மூக்கை அப்புறம் ஆறுதலாக மூடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் யோசனைகளில் இது ஒன்று. வெப்பத்தின் கதை வேறு: கம்பியின் ஒரு முனையின் வெப்பநிலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு குறுகிய நேரத்திலும் முழுக் கம்பியின் வெப்பநிலையையும் சுழியத்துக்குக் கொண்டுவரலாம் என்கிறது கணிதம்.

இனித்தான் என்னைத் தூங்கவிடாத விஷயம். முனையில் வேகத்தை அளந்து அதற்கு எதிராக வால்வை அசைத்தால் அலைகள் அடங்கும். ஆனால் அளப்பதற்கும் அசைப்பதற்கும் இடையில் எவ்வளவு சின்னத் தாமதம் வந்தாலும் எல்லாம் குலைந்துபோகலாம் என்று 1986இல் டாட்கோ, லாக்னீஸ், போலிஸ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். குழாயில் ஓடும் அலையை விவரிக்கும் அலைச் சமன்பாட்டில் எண்ணற்ற அதிர்வுகள் இருக்கின்றன, வேகமாக, இன்னும் வேகமாக என்று முடிவே இல்லாமல். அதில் ஏதோ ஒன்றின் அரைச்சுற்று உங்கள் தாமதத்தோடு பொருந்திவிடும், அந்த அதிர்வுக்கு உங்கள் பிரேக்கே ஆக்சிலேட்டர் ஆகிவிடும். நிஜக் குழாயில் உராய்வு வேகமான அதிர்வுகளைக் கொஞ்சம் தின்றுவிடுவது நம் அதிர்ஷ்டம். ஆனாலும் சமன்பாட்டை முதலிலேயே துண்டு துண்டாக நறுக்கிக் கணினியில் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்: நூறு துண்டாக வெட்டினால் நூறு அதிர்வுதான் மிஞ்சும், தாமதம் போதுமான அளவு சின்னது, பயமில்லை என்று கணினி சொல்லும், அது சொல்வது அந்த நூறுக்கு மட்டும்தான்.